மெக்சிகன் சாப்பாடும் நம் உடம்பும்: டர்பன் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து மால்களில் மெக்சிகன் கடைகள் வந்த பிறகு பிறந்தநாள், ரிசல்ட் வந்த நாள், சம்பள நாள் எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் அங்கேதான் இழுக்கிறார்கள். அதே குடும்பத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உறவுக்காரர்கள், கோயில் சமையலறையில் கூடச் சேர்ந்து காய் நறுக்குகிறவர்கள் என்று பலர் என்னிடம் கேட்டவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சமைக்கிறவள், லேபிளைத் திருப்பிப் படிக்கிறவள், அவ்வளவுதான். மருந்தின் அளவை மாற்றுவதெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

மெக்சிகன் சாப்பாடு என்றாலே எண்ணெயும் சீஸும்தானே?

கடையில் பார்ப்பதை வைத்துச் சொன்னால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மெக்சிகோவில் காலங்காலமாகச் சாப்பாட்டின் அடிப்படை மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, மிளகாய், தக்காளி. இவற்றில் நம் சமையலறைக்கு அந்நியமானது எது? அந்தப் பாரம்பரியச் சமையலை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

மாலில் கிடைப்பது பெரும்பாலும் டெக்சாஸ் வழியாக வந்த வடிவம். சில்லி கான் கார்னேயும் ஃபஹீட்டாவும் டெக்சாஸ் பக்கத்துச் சரக்கு. நாச்சோஸ் 1943இல் எல்லையோர ஊரான பியத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்பவர் திடீரென்று வந்த விருந்தாளிகளுக்காகக் கையில் இருந்ததை வைத்துச் செய்தது. டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியைப் பொரித்த துண்டு, சீஸ், ஊறவைத்த ஹலபெனோ மிளகாய், அவ்வளவுதான். இன்று நம் மேசைக்கு வரும் மலையைப் பார்த்தால் அவரே திகைத்துப்போவார்.

அதற்காக மெக்சிகோவில் எல்லாரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். உடல் பருமனும் சர்க்கரை நோயும் அங்கேயும் பெரிய தலைவலி. 2014இல் இனிப்புக் குளிர்பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டார்கள். 2020இலிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டுகளின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். பழைய உணவு நல்லது, புதிதாக வந்து சேர்ந்தது கெடுத்தது என்பது நமக்கும் தெரிந்த கதைதான்.

சரி, ஒரே ஒரு விதி சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஒரு தட்டில் ஒரு மாவுப்பொருள். டோர்ட்டியா வேண்டுமா, சோறு வேண்டுமா, சிப்ஸ் வேண்டுமா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பீன்ஸிலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் நாரும் புரதமும் சேர்ந்தே வருவதால் அதை நான் விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

சீஸைக் குறை, கிரீமைக் குறை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் நம் வீடுகளில் பெரிய சிக்கல் சர்க்கரை நோய். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது, ஒரே தட்டில் மூன்று வேடம் போட்டு வரும் மாவுச்சத்தை.

புரிட்டோவில் காய்கறி, பீன்ஸ், கோழி எல்லாம் இருக்கிறதே, அது சமச்சீர் உணவுதானே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் அகல மைதா டோர்ட்டியா சுமார் 300 கலோரி. உள்ளே ஒரு கப் சோறு 200. அரைக் கப் பீன்ஸ் 120. கோழி 190. ஒரு கைப்பிடி சீஸ் 120. மூன்று கரண்டி சாவர் கிரீம் 90. குவாக்கமோலே என்ற அவகாடோ மசியல் இன்னொரு 90. கூட்டினால் 1,100ஐத் தாண்டுகிறது. கடைக்குக் கடை இது கொஞ்சம் ஏறும், இறங்கும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 2,000 என்று வைத்தால் பாதிக்கு மேல் அந்த ஒரு சுருளிலேயே போய்விடுகிறது.

மாவுச்சத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் டோர்ட்டியாவில் ஏறத்தாழ 50 கிராம், சோற்றில் 45, பீன்ஸில் 20. மொத்தம் 115 கிராம். ஆறு ஏழு பிரெட் துண்டை ஒரே மூச்சில் சாப்பிட்டது மாதிரி. பீன்ஸ் பன்னி சௌவை நினைத்துக்கொள்ளுங்கள்: கால் ரொட்டியைக் குடைந்து, அதில் பீன்ஸும் உருளைக்கிழங்கும் கொட்டி, குடைந்து எடுத்த ரொட்டியையும் மேலே வைத்துத் தருவார்கள். அதை லேசான சாப்பாடு என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. புரிட்டோவும் அந்தக் குடும்பம்தான். அலுமினியத் தாளில் சுற்றியிருப்பதால் சின்னதாகத் தெரிகிறது.

சாப்பிடவே கூடாதா என்றால், சாப்பிடலாம். சோற்றை விட்டுவிட்டு, அந்த இடத்தில் வதக்கிய குடைமிளகாயும் வெங்காயமும் கேளுங்கள். பாதியை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வாருங்கள். அல்லது டோர்ட்டியாவே இல்லாமல் அதே பொருள்களைக் கிண்ணத்தில் வாங்குங்கள். ஆனால் கிண்ணம் என்றதும் சோற்றை இரண்டு மடங்கு போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கரண்டியைக் கவனியுங்கள்.

கவுண்டரில் நின்று என்ன சொல்வது? பின்னால் வரிசை நிற்கும்போது யோசிக்க முடிவதில்லை.

வரிசையில் நிற்கும்போதே முடிவெடுத்துவிடுங்கள். நான் சொல்வது இந்த வரிசைதான்: அடியில் கீரை அல்லது முட்டைக்கோஸ், சோறு அரைக் கரண்டி, பீன்ஸ் இரண்டு கரண்டி, சுட்ட கோழி அல்லது மீன், வெங்காயம் தக்காளி சல்சா தாராளமாக, குவாக்கமோலே ஒரு கரண்டி, சீஸ் வேண்டாம், சாவர் கிரீம் தனிக் கிண்ணத்தில். எலுமிச்சைத் துண்டு கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். புளிப்பு ஏறினால் உப்பும் சாஸும் தேவைப்படாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று ஸ்வீட் சில்லி சாஸ். மெக்சிகோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே ஊற்றிவிடுகிறார்கள். அது முக்கால்வாசி சர்க்கரைப் பாகு. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேசையில் உட்கார்ந்து ஆர்டர் செய்யும் இடமென்றால் டோர்ட்டியாவில் மடித்துத் தரும் சின்ன டாக்கோ மூன்று நல்ல தேர்வு. மெத்தென்ற சோள டோர்ட்டியா ஒன்று 50, 60 கலோரிதான். மூன்றும் கோழியும் சல்சாவும் சேர்ந்து 400 பக்கம் நிற்கும். மொறுமொறு ஓடு வைத்த டாக்கோ எண்ணெயில் பொரித்தது. கேசடியா என்பது இரண்டு டோர்ட்டியாவுக்கு நடுவில் சீஸ் என்பதைத் தவிர வேறில்லை. ஃபஹீட்டா இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும். காய்கறியும் இறைச்சியும் தனியாக வருவதால் எவ்வளவு டோர்ட்டியா என்பது உங்கள் கையில் இருக்கும். என்னைக் கேட்டால் சர்க்கரைக்காரர்களுக்கு மெனுவில் நல்லது அதுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போங்கள். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் மோசம். பார்சல் கட்டிக்கொண்டு வந்து, ஆறிப்போன புரிட்டோவை இரவு பத்து மணிக்குக் கொடுப்பது அதைவிட மோசம்.

முதலில் சிப்ஸ் கூடை மேசைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசியோடு உட்கார்ந்தால் கை தானாகப் போகும். அதற்குப் பதில் ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப்போ காய்கறி சாலடோ முதலில் சாப்பிடட்டும். நாரும் புரதமும் முதலில் போய், மாவுப்பொருள் பின்னால் வந்தால் சர்க்கரை ஏறுவது நிதானப்படும். பீன்ஸ் விஷயத்தில் பயம் வேண்டாம். வெந்த பீன்ஸ் 100 கிராமில் 8, 9 கிராம் புரதமும் கிட்டத்தட்ட அதே அளவு நாரும் இருக்கின்றன. வெள்ளைச் சோற்றை விட மெதுவாகத்தான் இரத்தத்தில் கலக்கும்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள், குறிப்பாகச் சாப்பாட்டுக்கு முன் போடுகிறவர்கள், தட்டு மேசைக்கு வந்த பிறகு போடுவது பற்றி டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் ஆர்டர் வர முக்கால் மணி நேரம் ஆனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கொழுப்பு அதிகமான சாப்பாடு மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் ஏறும். வீட்டுக்கு வந்து உடனே பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை டாக்கோ பாதி விலை. ஆனால் அன்றைக்கு நாங்கள் சைவம். என்ன செய்வது?

டாக்கோ செவ்வாய் என்று விளம்பரம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வாரத்தில் ஏழு நாள் இருக்க, நம் வீடுகளில் மச்சம் தொடாத நாளைப் பார்த்துத்தான் கழிவு போடுகிறார்கள்! பரவாயில்லை, பீன்ஸ் டாக்கோவுக்கும் அதே கழிவு உண்டு. சைவமாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் உடம்புக்கும் நல்லதாக அமையும்.

ஆனால் சைவம் என்று எழுதியிருப்பதை வைத்து மட்டும் நம்ப வேண்டாம், முக்கியமாகப் புரட்டாசி விரதத்திலும் காவடி விரதத்திலும். மசித்து வதக்கிய பீன்ஸை மெக்சிகோவில் பன்றிக் கொழுப்பில் செய்வது பழைய வழக்கம். இங்கே பல கடைகளில் எண்ணெய்தான் ஊற்றுகிறார்கள், ஆனாலும் கேட்டுவிடுங்கள். இறக்குமதியான டின்னாக இருந்தால் லேபிளைப் படியுங்கள். சிவப்புச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். சில சாவர் கிரீமில் ஜெலட்டின் சேர்ந்திருக்கும். சீஸ் உறைய வைக்கச் சில வகைகளில் கன்றின் வயிற்றுச் சாறு பயன்படுகிறது. எல்லாவற்றையும் ஒரே கல்லில் சுடுகிறார்களா என்பது இன்னொரு கேள்வி. இத்தனையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்று தோன்றினால், கண்டிப்பான விரத நாளில் வீட்டிலேயே செய்துவிடலாம். கீழே சொல்லியிருக்கிறேன்.

மாடு, பன்றி சாப்பிட மாட்டோம். மெனுவில் இருக்கும் பெயர்கள் புரியவில்லை.

கார்னே அசாடா மாட்டிறைச்சி. கார்னிதாஸ், அல் பாஸ்தோர், சொரீசோ மூன்றும் பொதுவாகப் பன்றி. பார்பகோவா மாடாகவும் இருக்கலாம், ஆடாகவும் இருக்கலாம், கேட்க வேண்டும். சில்லி கான் கார்னேயும் வெறுமனே 'மின்ஸ்' என்று போட்டிருப்பதும் அநேகமாக மாடு. போயோ என்றால் கோழி, பெஸ்காடோ மீன், கமரோன் இறால்.

உடம்பைப் பார்த்தாலும் சுட்ட மீனும் கோழியும்தான் முதல் தேர்வு. மீன் டாக்கோ பாஹா கலிஃபோர்னியாவில் புகழ்பெற்றது. அங்கே மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். சுட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். ஹேக் மீன் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் பொரித்துத்தான் தின்ன வேண்டும் என்று கட்டாயமா?

நாச்சோஸ் இல்லாமல் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

நடுவில் ஒரு தட்டு வாங்கி நான்கு பேர் சாப்பிடுங்கள். தனியாக ஒருவருக்கு என்றால் அது சாப்பாட்டின் முன்னோட்டம் இல்லை, இரண்டு சாப்பாடு. சிப்ஸ் 100 கிராம் 500 கலோரி, செட்டர் சீஸ் 100 கிராம் 400 கலோரி. சீஸைச் சிப்ஸின் மேல் உருக்காமல் தனியாகக் கேட்டால் பாதிகூடத் தீராது. சல்சாவில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் சுவையும்கூட.

குவாக்கமோலே, சாவர் கிரீம், சீஸ். மூன்றில் எதை வைத்துக்கொள்வது?

குவாக்கமோலேயை. அவகாடோவில் கொழுப்பு உண்டுதான், 100 கிராமில் 160 கலோரி. ஆனால் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் இருக்கும் வகைக் கொழுப்பு, கூடவே 6, 7 கிராம் நார். சாவர் கிரீமிலும் சீஸிலும் இருப்பது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைகொழுப்பு. நல்லதென்பதற்காக ஒரு கிண்ணத்தையும் காலி செய்ய வேண்டாம், இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும்.

லிம்போபோவிலும் ம்புமலாங்காவிலும் காய்க்கும் அவகாடோ மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை சந்தைக்கு நிறைய வரும். அப்போது வீட்டில் செய்வது மலிவு. கடைக் குவாக்கமோலேயில் சில சமயம் மயோனைஸோ கிரீமோ கலந்திருக்கும். வெளிறிய பச்சையாக, வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டில் பழுத்த அவகாடோ, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. வேறொன்றும் தேவையில்லை.

சாவர் கிரீமுக்குப் பதில் அமாசி என்ற புளித்த பால். துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் ஒரு இரவு தொங்கவிட்டால் கெட்டியாகிவிடும், புளிப்பும் சரியாக இருக்கும். கட்டித் தயிரும் ஆகும். 'டபுள் கிரீம்' என்று எழுதிய யோகர்ட்டை வாங்கிவந்து லேசானது என்று ஏமாற வேண்டாம்.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

எல்லா இடத்திலும். டோர்ட்டியாவில், சீஸில், சிப்ஸில், இறைச்சி ஊறிய மசாலாவில், ஊறுகாயாகப் போட்ட ஹலபெனோவில், பாட்டில் சல்சாவில். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். தென்னாப்பிரிக்காவில் பிரெட், சிப்ஸ், சூப் பவுடர் போன்றவற்றில் எவ்வளவு உப்பு இருக்கலாம் என்று சட்டமே இருக்கிறது, 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஹோட்டல் சமையல்காரரின் கைக்கு அந்தச் சட்டம் கிடையாது.

ஊறுகாய் மிளகாய்க்குப் பதில் பச்சை மிளகாய் நறுக்கித் தரச் சொல்லுங்கள். டின் பீன்ஸை வடிகட்டித் தண்ணீரில் நன்றாக அலசினால் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். டாக்கோ மசாலா என்று விற்கும் சின்னப் பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள். பொருள் பட்டியலைப் பாருங்கள், உப்பும் சர்க்கரையும் முன் வரிசையிலேயே நிற்கும்.

மெனுவில் கிலோஜூல் என்று போட்டிருக்கிறார்கள், கலோரி இல்லையே?

நாலால் வகுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்டச் சரியாக வரும். இங்கே பாக்கெட்டுகளில் நாளுக்கு 8,400 கிலோஜூல் என்பதுதான் அளவுகோல். மேலே சொன்ன புரிட்டோ 4,600 பக்கம்.

மீலி மீல் (மக்காச்சோள மாவு) வீட்டில் இருக்கிறது. அதில் டோர்ட்டியா சுடலாமா?

சுட்டுப் பாருங்கள், தட்டும்போதே உதிரும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, தோலைக் கழுவி எடுத்து, பிறகுதான் அரைக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புதான் மாவைச் சேர்ந்து பிடிக்க வைக்கிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு தெரிந்த நமக்கு இது விசித்திரமாக இருக்காது. இதனால் கால்சியம் ஏறுகிறது. அதைவிட முக்கியம், சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நயாசின் என்ற பி வைட்டமின் உடம்புக்குக் கிடைக்கும்படி விடுபடுகிறது.

மக்காச்சோளம் கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனபோது இந்தச் சுண்ணாம்பு முறை கூடப் போகவில்லை. சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறும் பெலாக்ரா நோய் வந்தது. தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபரிலிருந்து மீலி மீலிலும் பிரெட் மாவிலும் நயாசின் உட்பட எட்டுச் சத்துகள் சேர்க்க வேண்டும் என்று சட்டம்.

சுண்ணாம்பில் பதமாக்கிய மாவு 'மாசா ஹரீனா' என்ற பெயரில் இங்கே சில சிறப்புக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஆட்டா மாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சப்பாத்தி போட்டு, எண்ணெய் இல்லாமல் சுட்டு, அதில் மடித்துச் சாப்பிடுங்கள். வடக்கு மெக்சிகோவிலும் கோதுமை டோர்ட்டியாதான். வெண்ணெய் ஒழுக ஒழுக நாம் போடும் ரொட்டியை மட்டும் அதற்கு எடுக்காதீர்கள்.

இன்னொரு வழி போசோலே. மெக்சிகோவில் முழுச் சோளமணியையும் இறைச்சியையும் மிளகாய்ச் சாற்றில் வேகவைக்கும் சூப். இங்கே சாம்ப், அதாவது உடைத்த மக்காச்சோளம், போட்டுச் செய்யலாம். சாம்ப் சுண்ணாம்பு முறையில் பதப்படுத்தியது இல்லை, சுவை கொஞ்சம் வேறு. ஆனால் மேலே பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸும் முள்ளங்கியும் எலுமிச்சையும் போட்டால் குளிர்கால இரவுக்கு அருமை. சாம்பும் பீன்ஸும் சேர்த்து வேகவைக்கும் உம்ங்குஷோ ஏற்கெனவே பழகிய ஊரில் இது புதிதாகத் தெரியாது.

வீட்டில் பீன்ஸை எப்படிச் செய்வது? வாயு தொல்லை கொடுக்கிறதே.

சுகர் பீன்ஸ் போதும், மெக்சிகோவின் பின்ட்டோவுக்கு மிக நெருங்கிய உறவு. இரவு ஊறவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர், ஒரு முழு வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை போட்டுக் குக்கரில் வேகவையுங்கள். வெந்த பிறகு உப்பு. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சீரகமும் வெங்காயமும் வதக்கி, பீன்ஸைப் பாதி மசித்துப் பாதி முழுதாக, வெந்த தண்ணீரையே கொஞ்சம் ஊற்றிக் கிளறினால் கடைப் பீன்ஸை விட நன்றாக இருக்கும். கடுகும் கறிவேப்பிலையும் போடக் கை போகும். போட்டால் நம் பீன்ஸ் கறி ஆகிவிடும், அதுவும் நல்லதுதான்.

வாயுவுக்கு, தண்ணீர் மாற்றுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதும்தான் வழி. தினமும் இரண்டு கரண்டி சாப்பிடுகிறவருக்குச் சில வாரங்களில் வயிறு பழகிவிடும். மெக்சிகோவில் எபசோத்தே என்ற இலையைப் போடுவார்கள். நாம் பெருங்காயம் போடுவோம்.

ஒரு எச்சரிக்கை. சிவப்புக் கிட்னி பீன்ஸை அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது. அதிலுள்ள ஒரு நச்சுப் புரதம் கடுமையான வாந்தியும் பேதியும் கொடுக்கும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். குக்கரில் வேகவைத்தால் பிரச்சினை இல்லை. கொதிக்காத சூட்டில் மணிக்கணக்காக வேகும் ஸ்லோ குக்கரில் நேராகப் போடுவதுதான் ஆபத்து. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, மின்வெட்டு நாளுக்குக் கைகொடுக்கும்.

சல்சாவும் மசாலாவும்?

சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டிலிருந்து நன்றாகப் பழுத்த தக்காளி நாலு, ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு தோலோடு, இரண்டு பச்சை மிளகாய். ரொட்டி சுடும் கல்லைக் காயவைத்து, எண்ணெய் ஊற்றாமல், எல்லாவற்றையும் அதன்மேல் போடுங்கள். தக்காளித் தோல் அங்கங்கே கறுத்து வெடித்து, சாறு கல்லில் சுர்ரென்று வரும்போது திருப்புங்கள். பூண்டு உள்ளே மெத்தென்று ஆனதும் தோலை உரித்து, உப்போடு சேர்த்து அம்மியில் கரகரப்பாக நசுக்கி, பிறகு மிளகாய், கடைசியில் தக்காளி. மிக்சியில் ஓட்டினால் ஜூஸ் ஆகிவிடும். கொத்தமல்லியும் எலுமிச்சையும் கலந்தால் முடிந்தது. கொழுப்பு இல்லை, சர்க்கரை இல்லை, இஷ்டம்போலச் சாப்பிடலாம்.

மசாலாவுக்கு வறுத்துப் பொடித்த சீரகம், மிளகாய்த் தூள், பூண்டுத் தூள், உலர்ந்த ஆரிகனோ. அமெரிக்கக் குறிப்புகளில் "இரண்டு மேசைக்கரண்டி சில்லி பவுடர்" என்று இருந்தால் அப்படியே போட்டுவிடாதீர்கள். அவர்கள் சொல்வது சீரகம், பூண்டு எல்லாம் கலந்த, காரம் குறைந்த கலவை. நம் டர்பன் மசாலாவை அந்த அளவில் போட்டால் குடும்பமே தண்ணீர்க் குழாயடியில்தான் நிற்கும். அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள்.

குடிக்க என்ன வாங்கலாம்?

தண்ணீர், சோடாவில் எலுமிச்சை. 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 2018 ஏப்ரலிலிருந்து இங்கேயும் வரி. ஓர்ச்சாத்தா என்பது அரிசிப்பால், பட்டை வாசனையோடு நன்றாக இருக்கும், ஆனால் சர்க்கரை தாராளம். ஹமைக்கா என்ற சிவப்புப் பானம் புளிச்சைக்கீரை இனத்துச் செடியின் சிவந்த இதழில் செய்வது. வீட்டில் செய்தால் இனிப்பை நீங்களே குறைத்துக்கொள்ளலாம்.

மார்கரீட்டாவில் டெக்கீலாவை விடக் கூட ஊற்றும் இனிப்புக் கலவைதான் கலோரியை ஏற்றுவது. இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் மது குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.

மகள் முழுகாமல் இருக்கிறாள். எதைத் தவிர்க்க வேண்டும்?

காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ், பச்சை மீனில் செய்யும் செவிச்சே, வெகுநேரம் வெளியே இருந்த சாலட், மது. லிஸ்டீரியாக் கிருமி கர்ப்பிணிகளைத்தான் குறிவைக்கும். 2017-18இல் இந்த நாட்டில் போலனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கைக்குழந்தைகள் நிறைய. சுடச்சுட வரும் பீன்ஸ், நன்றாக வெந்த கோழி, அப்போதே நசுக்கிய குவாக்கமோலே எல்லாம் சாப்பிடலாம். அவகாடோவிலும் பீன்ஸிலும் இருக்கும் ஃபோலேட் அவளுக்கு வேண்டியதுதான்.

தாத்தாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தப் பக்கத்தில் நான் புகழ்ந்த பாதிப் பொருள் அவருக்கு ஒத்துவராமல் போகலாம். அவகாடோ, பீன்ஸ், தக்காளி மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். எவ்வளவு சாப்பிடலாம் என்பது அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பொறுத்தது. கிளினிக்கில் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு?

மேசையில் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து அவர்களே கட்டிக்கொள்ளட்டும். தட்டில் கீரை வைத்தால் தள்ளும் பிள்ளை, தானே எடுத்து மடித்தால் சாப்பிட்டுவிடும். ஹோட்டலில் குழந்தைகள் மெனுவை விட்டுவிடுங்கள். சீஸ் கேசடியாவும் சிப்ஸும் ஜூஸும்தான் இருக்கும்.

சோறு இல்லாவிட்டால் ஆயா சாப்பிட்ட மாதிரியே இல்லை என்கிறார். என்ன செய்ய?

சோறு கொடுங்கள். ஆனால் டோர்ட்டியாவும் சிப்ஸும் அவர் தட்டுக்குப் போக வேண்டாம். அரைக் கப் சோறு, மேலே மெக்சிகன் பீன்ஸ், ஓரத்தில் சல்சா. ஆயாவுக்கு அது பீன்ஸ் கறியும் தக்காளித் துவையலும். எண்பது வயதில் புரிட்டோவைக் கையில் பிடித்துக் கடிக்க வைத்து நாம் என்ன சாதிக்கப் போகிறோம்?

மீந்ததை மறுநாள் லஞ்ச் பாக்சில் வைக்கலாமா?

பீன்ஸ் மூன்று நாள் ஃப்ரிட்ஜில் நன்றாக இருக்கும், ஃப்ரீசரில் மாதக்கணக்கில். சோறுதான் தொல்லை. வெந்த சோற்றை அறைச் சூட்டில் விட்டால் அதில் வளரும் ஒரு கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் சாகாது. அதுவும் டர்பன் கோடையில் கேட்கவே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள். டோர்ட்டியாவையும் உள்ளே வைப்பதையும் தனித்தனி டப்பாவில் கொடுத்தால் ஊறிப்போகாது. குவாக்கமோலே கறுப்பதைத் தடுக்கக் கொட்டையை நடுவில் வைப்பதெல்லாம் வீண் வேலை. கொட்டைக்கு அடியில் மட்டும்தான் பச்சையாக இருக்கும். மேலே எலுமிச்சைச் சாறு தடவி, பிளாஸ்டிக் தாளைக் காற்று புகாமல் அழுத்தி ஒட்டிவிடுங்கள். கறுத்தாலும் கெட்டுப்போனது இல்லை, மேல் படலத்தை வழித்துவிட்டுச் சாப்பிடலாம்.